அதே

பெயர்ப் பெட்டியில் கர்சர்
கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
நிரல் எழுத ஒன்பது நாள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.
பெயருக்கு மட்டும் மூன்று வாரம்.

அது செய்வது இவ்வளவுதான்:
ஒரு கேள்விக்கு ஒருமுறை
தொலைதூர சர்வர் வரை போய்ப் பதில் வாங்கி வரும்.
அடுத்து அதையே யார் கேட்டாலும்
நகராது.
கையில் இருப்பதை நீட்டும்.
சோம்பேறி என்றும் சொல்லலாம்,
கெட்டிக்காரி என்றும்.

பரண் என்று தட்டினேன்.
எவரோ எடுத்து நான்கு வருடமாகத்
தூசி தட்டாமல் வைத்திருந்தார்.
கையிருப்பு, ரோமன் எழுத்தில்
எம்ஆர்டி பெட்டிகள் போல நீண்டது.
பதுக்கல் என்றால் அதிகாரிகள் வருவார்கள்.
எச்சம் நல்ல சொல், மிஞ்சி நிற்பது.
ஏசி கம்ப்ரசர் மேல் உட்கார்ந்திருந்த புறா
அதன் இன்னொரு பொருளை
அப்போதே விளக்கிக் காட்டியது.

பழையது என்று வைக்க ஆசைதான்.
நடுவில் ழ.
எழினி என்ற என்னை
அலுவலகத்தில் எஸினி என்கிறார்கள்,
கிளினிக்கில் எலினி,
பார்சல் கொண்டுவருபவருக்கு மிஸ்டர் எசி.
இன்னொரு உயிரை
ழகரத்தோடு அலையவிட மனம் வரவில்லை.

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே
காப்பிக்கடை, பானக் கவுண்டரில் ஜபருல்லா.
வரிசையில் என் தலை தெரிந்ததுமே
குவளையில் கெட்டிப்பால் விழுந்துவிடும்.
'அதேதானே?'
கேள்விக்குறி உண்டு, காத்திருப்பு கிடையாது.
இரண்டு வருடமாக நான்
வாய் திறந்து தேத்தண்ணீர் கேட்டதில்லை.

அன்று செவ்வாய்.
பாலிகிளினிக்கில் கொடுத்த தாள் பையில்.
இரத்தச் சர்க்கரை எல்லை தாண்டி
ஒரு புள்ளி.
'அதேதானே?'
பால் மேல் சாயம் இறங்கிவிட்டது.
அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
நான் மாறியது எனக்கு மட்டுமே தெரியும்.

என் நிரலிலும் அந்த ஓட்டை இருந்தது.
வாங்கி வைத்த பதிலுக்கு
அறுபது நொடி ஆயுள் போட்டிருந்தேன்.
அந்த அறுபதுக்குள் உலகம் மாறினால்
கூசாமல் பொய் சொல்லும்.
தேநீரை நின்றபடி குடித்தேன்
(நன்றாகத்தான் இருந்தது).
பெயரும் நின்ற இடத்திலேயே கிடைத்தது.
அதே.
ரோமனில் நான்கே எழுத்து.
யாரும் எடுத்திருக்கவில்லை.

பக்கத்து மேசை ஹுய் மின் வாசித்துப் பார்த்தாள்:
'அடே'.
ஒவ்வொரு முறை அவள் சொல்லும்போதும்
யாரோ அதட்டியதுபோல் நிமிர்ந்தேன்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு ஒன்று நாற்பது.
உரிமக் கோப்பில் என் பெயர், ஆண்டு,
எது கெட்டாலும் நான் பொறுப்பல்ல என்னும்
பெரிய எழுத்துப் பத்தி.
'என்னைப் படி' கோப்பில்
கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்:
இது சொல்வது
சற்று முன்பு வரை உண்மையாக இருந்தது.

பூச்சியம் புள்ளி ஒன்று.
என்டர்.
எதுவும் நடக்கவில்லை.
கீழே ஒரு குப்பை லாரி
பின்வாங்கும் சத்தம்.

காலையில் நாற்பத்தேழு பதிவிறக்கம்.
மகிழ்ச்சி பல் துலக்கும் வரை நீடித்தது.
எல்லாம் பிரதி எடுக்கும் எந்திரங்கள்,
சேமித்து வைப்பதையே
சேமித்து வைத்துக்கொண்டவை.
நாற்பத்தெட்டாவது, மனிதர்.
கூச்சிங்கிலிருந்து எழுதியிருந்தார்:
முகவரியில் காற்புள்ளி வந்தால் உடைகிறது.
வணக்கமில்லை, நன்றியில்லை.
என் பொருளை ஒருவர் உடைத்திருக்கிறார்!
அப்படியென்றால்
பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்.

திருத்தத்தை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினேன்.
ஜபருல்லாவின் கை பால் டின்னை நோக்கி.
'தே ஓ கொசொங்!'
தூரத்திலிருந்தே கத்தினேன்,
முன்னால் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்க்க.

அவர் டின்னை வைத்தார்.
புதுக் குவளை எடுத்தார்.
'சரி. இனிமே இதுதான் அதே.'

பாலும் இல்லை, சீனியும் இல்லை.
பழக
அறுபது நொடிக்கு மேலாகும்.