கழிவு

டிக்கோயா கிளினிக்கில்
கைப்பட்டி இறுகி, மூச்சு விட்டுத் தளர்கிறது.
நூற்றைம்பதுக்கு நூறு.
எனக்கு இருபத்தேழு வயது.
"படியேறி வந்தேன், அதான்."
"கொஞ்சம் உட்காருங்க."
மறுபடியும் அதேதான்.

உப்பா, கவலையா என்று கேட்பார் என்றிருந்தேன்.
டொக்டர் நிலூகா உடைந்த தமிழில் கேட்டார்:
"எத்தனை மாசத்துல பொறந்தது?"

ஏழில்.
ஒரு கிலோ நானூறு.
சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று
கொழுந்து மடுவத்தில் கழிப்பதே இரண்டு கிலோ.
அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்:
"அன்னிக்கு ஒன்னையத் தராசுல போட்டிருந்தா
நாமதான் தோட்டத்துக்குக் கடன்."

முந்தி வந்தவளுக்குச்
சிறுநீரகத்தில் சல்லடைகள் குறைவாக இருக்கலாமாம்.
விட்டுப்போனது பிறகு முளைக்காதாம்.
இருப்பவைதான் இத்தனை வருடம்
இல்லாதவற்றின் வேலையையும் பார்த்திருக்கின்றன,
அரைப்பேர்கூட விழாமல்.

காகித உறையில் ஒரு மாதத்து மாத்திரை.
பஸ் நோர்வூட்டைத் தாண்டும்போது
சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்கிறேன்.
ஏழாம் மாசமும்
செங்குத்து மலையில் கூடை சுமந்தவளிடம்
மாசக் கணக்கு எடுக்க வேண்டாம்.

"உப்பு கூடிப்போச்சாம்மா" என்பேன்.
தன் சமையலை நொந்துகொள்வாள்,
கறியில் குறைப்பாள்.
குறைக்கட்டும்.