கல்லூறி

பெரிய ற போட்டு எழுத வேண்டும் அவள் பெயரை.
தண்ணீர் சோதிக்க வந்த பெண்
சின்ன ர போட்டுவிட்டாள் படிவத்தில்.
பெரியாண்டன் கொட்டாயில் ஒரு கல்லூரி இருப்பதாகத்
தருமபுரியில் ஏதோ ஒரு கோப்பு
இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது.

எட்டுச் சாமிகள் நாட்டைப் பங்கு பிரித்த அன்று
இவள் வரத் தாமதம்.
மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் இழவு,
பிணத்தை எடுக்கும்வரை இருந்துவிட்டு வந்தாள்.
அதற்குள்
மேகத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள் மழைச்சி.
கேழ்வரகுக்கு ஒருத்தி, வெள்ளாட்டுக்கு ஒருவன்,
புளியமரத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர்,
அவர்களுக்குள் வழக்கு வேறு.
சின்னாற்று நுரைக்குக்கூட ஒரு சாமி உட்கார்ந்துவிட்டான்.
எனக்கு? என்றாள்.
பிணவீட்டுத் தீட்டோடு நிற்கிறவளுக்கு
யாரும் முகம் கொடுக்கவில்லை.
பாறைக்கு அடியில் என்ன இருக்கிறதோ எடுத்துக்கொள்
என்றான் நுரைச்சாமி.
அற்பனுக்கு வந்த பங்குதான் பேசியது.

எழுநூற்று இருபது அடியில்
அவளைத் தொட்டது போர் லாரி.
விடிய விடியக் கல்மாவு பறந்து
ஊரே வெளுத்துப் போயிருந்தது. பிறகு தண்ணீர்.
அப்பா இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார்.
இனிக்குதுடா என்றார்.
இனித்தது. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

வேறு ஊர்களில் அம்மையோடு வருகிறவள்
மூன்று தண்ணீர் ஊற்றினால் போய்விடுவாள்.
வாந்திபேதிக்காரி
வந்த வண்டியிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போவாள்.
கல்லூறிக்கு அவசரம் கிடையாது.
பிள்ளையின் பல்லில் பழுப்பாக ஒரு கோடு கிழிப்பாள்,
கடன் நோட்டில் முதல் வரி போல.
அப்புறம் இருபது வருஷம் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள்.
நீ கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்பாய்.
ஓசூர் கம்பெனியில் ஷிப்டுக்குப் போவாய்.
ஒருநாள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால்
முழங்காலில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பாவுக்கு முதுகு.
கடைசி ஒன்பது வருஷம் அவர் வானத்தைப் பார்க்கவில்லை.
மழை வருமா என்று கேட்டால்
எறும்பைப் பார்த்துச் சொல்வார்.

செத்த அன்றைக்குப் பாடையில் கிடத்தினோம்.
தலையை அழுத்தினால் கால் எழுந்தது,
காலை அழுத்தினால் தலை.
மாதப்பன் மாமா முழங்கையை ஊன்றி அழுத்தப் போனார்.
விடு மாமா என்று கத்திவிட்டேன்.
ஒருக்களித்துப் படுக்க வைத்தோம்,
பால் குடித்துத் தூங்குகிற பிள்ளை மாதிரி.

அன்றைக்கும் பிணத்தை எடுக்கும்வரை இருந்தாள்.
ஷாமியானா ஓரம், பிளாஸ்டிக் நாற்காலி,
கல்மாவு படிந்த தலை.
நான் அடிக்கப் போகவில்லை. அழவும் இல்லை.
முப்பது வருஷம் உங்கப்பன் முதுகைப்
பிடித்துக்கொண்டிருந்த கை இது என்று காட்டினாள்.
தண்ணீர் கேட்டாள்.
ஒகேனக்கல் குழாயில் பிடித்த சொம்பைக் கொடுத்தேன்,
வேண்டுமென்றேதான்.
ஒரு மடக்கு. முகத்தைச் சுளித்தாள்.
சப்புன்னு இருக்கு.
ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னாள்.

குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.
கோடையில் நாலு நாள் விட்டு.
வராத நாளில் பழைய மோட்டார் ஓடும்,
யாரும் யாரையும் பார்க்காமல் குடம் வைப்போம்.

தர்ஷிகாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது.
ராத்திரியில் செல்போன் வெளிச்சம் அடித்து
ஈறைப் பார்க்கிறேன்.
வெள்ளையா வருதாப்பா? என்கிறாள்
வாயை மூடாமலே.
பாதி எழுத்து காற்றாய்ப் போகிறது.