கூட்டல் ஒன்று புள்ளி மூன்று

மே மாதம். கிளைபேடா துறைமுகத்தில்
கிரேன்களை இடுப்போடு வெட்டி வைத்திருக்கிறது கடல்பனி.
மேலாளர் அல்வீதாஸ் கேட்டது ஒரே வரி:
"பிக்கென்ஸை வைத்துக்கொள்ளலாமா, ஸ்கிர்மந்தே?
வெள்ளிக்குள் சொல்."

அவருக்கு ஒரு வரி.
எனக்கு ஐம்பத்திரண்டு ஆட்டங்கள்,
ஆயிரத்து நானூற்று ஏழு நிமிடங்கள்,
நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் குந்தியிருக்கும் விரிதாள்.

கண் பார்த்ததை முதலில் எழுதி ஒதுக்கிவைத்தேன்:
சராசரி ஒன்பது புள்ளி.
தொலைவிலிருந்து எறிந்தால் நூற்றுக்கு முப்பத்தொன்று.
பிப்ரவரியில், பனெவேஜிஸில், இரண்டு விநாடி மிச்சம்,
அருகே ஆளில்லை, பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை.
அன்றிலிருந்து அவன் கைக்குப் பந்து போனாலே
எங்கள் அரங்கின் வடக்கு மூலை விசிலடிக்கிறது.
புகைமீன் நிறுக்கும் பெண்கூடத் தராசைப் பார்த்தபடி,
"அந்த அமெரிக்கன் இன்னும் இங்கேதானா?" என்றாள்.
ஊர்வாயை மூட உலைமூடி ஏது.

எறிந்த ஒவ்வொன்றுக்கும் அதனதன் எடை கொடுத்து
இலவச வீச்சுகளையும் சேர்த்தால் ஐம்பத்து மூன்று.
லீகின் நடுவாந்திரம்.
நாலு கூடைக்கு வழி செய்துவிட்டுத்தான்
ஒரு பந்தைப் பறிகொடுக்கிறான்.
இது கொஞ்சம் பரவாயில்லை.

பிறகு அந்தக் கணக்கு.
அவன் களத்தில் இருக்கும்போது
நூறு முறை பந்து எங்கள் கைக்கு வந்தால்
ஆறு புள்ளி முன்னால் நிற்கிறோம்.
துண்டைத் தலையில் போட்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும்
இரண்டு பின்னால்.
எட்டு!
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
கெட்டிலைப் போட்டேன், தண்ணீர் ஊற்ற மறந்து.

ஆனால் எண்களுக்கும் கூட்டாளி உண்டு.
அவன் ஆடிய நேரத்தில் முக்கால்வாசி
பக்கத்தில் நின்றவன் தௌத்ரிமாஸ்,
ஏழடி, கை நீட்டினால் மழை நிற்கும்.
எது இவன், எது அவன்?
இருவரையும் பிரிக்கும் சமன்பாட்டை
இரவு முழுக்க ஓடவிட்டேன்.
எட்டு இளைத்தது, இன்னும் இளைத்தது,
விடியும்போது
கூட்டல் ஒன்று புள்ளி மூன்று.
பிழை வரம்பு, கழித்தல் ஒன்றிலிருந்து
கூட்டல் மூன்று புள்ளி ஆறு வரை.
அந்த இடைவெளியில் சுழியம்
அழைக்காத விருந்தாளி மாதிரி
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

காணொளிக்குப் போனேன்.
மார்ச், ஷௌலேய் அணியுடன், மூன்றாம் கால்பகுதி.
பந்து வருமுன்பே இவன் மூலைக்கு அரையடி நகர்கிறான்.
எதிராளி பார்க்கிறான், பாஸை விழுங்குகிறான்,
கடிகாரம் கரைகிறது, கடைசியில் ஒரு கோணல் எறி.
பதிவேட்டில் அது எதிராளியின் தவறு.
அந்த அரையடிக்கு என்னிடம் பத்தி இல்லை.
கையாலேயே எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தேழு வரை வந்தது.
அவன் தூங்கிவிட, முதுகுக்குப் பின்னால் ஆள் நழுவியதும்
பத்தொன்பது. அதையும் எண்ணினேன்.

வியாழன் மாலை சாவி திருப்பித் தர வந்தான்,
இண்டியானாவின் இரும்பாலை ஊரில் பிறந்தவன்,
ஒரு கணுக்காலில் ஐஸ் கட்டி.
"என் எண் என்ன?"
சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன். கேட்டான்:
"பெரியவன் பங்கைக் கழித்த பிறகா?"
"கழித்த பிறகு."
"அப்போ சரி. என்னுடையதுதான்."
நொண்டியபடி லிஃப்டுக்குப் போனான்.

வெள்ளி காலை அல்வீதாஸுக்கு எழுதினேன்:
ஆம். பெரும்பாலும்.
முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வார், தெரியும்.
இருந்தாலும்
இரண்டாவதை அழிக்கவில்லை.