ரெனிதாவின் ஐபோன்

அதிகாலை மூன்றேகாலுக்கு
கிருமிநாசினி வாளிக்குள் விழுந்தது என் போன்.
வாத்து லாரியின் பின்சக்கரத்துக்கு மருந்தடிக்கக் குனிந்தேன்,
கோட்டுப் பையிலிருந்து குதித்துவிட்டது.
லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
‘பறவைக் காய்ச்சல் இனி அதுக்கு வராதுக்கா.’

தென்காசிக் கடைப் பையன் பத்து நாள் கேட்டான்.
டாக்டர் ஞானசிகாமணி மேசை இழுப்பறையைத் திறந்து
பெங்களூருக்குப் படிக்கப் போன மகள்
வேண்டாமென்று விட்டுப்போன ஆப்பிள் போனைத் தந்தார்.
‘சிம்மை மட்டும் மாத்திக்கோ இசக்கி.
கடவுச்சொல் ஆறு பூஜ்யம்.’

முதல் இரவு முழுக்க
பின்னால் போகும் வழியைத் தேடினேன்.
என் போனில் அது கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கும்,
எந்நேரமும் திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு.
இதில் ஓரிடத்தில் இடது மேல் மூலை.
ஓரிடத்தில் விளிம்பிலிருந்து இழுக்க வேண்டும்.
ஓரிடத்தில் வழியே கிடையாது,
மொத்தமாக வெளியேறி மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.
எஸ் வளைவில் எதிரெதிரே மாட்டிய லாரிகள் போல
முறைத்துக்கொண்டிருந்தோம்.

ழ எங்கேயோ ஒளிந்துகொண்டது.
‘நாமக்கல் வண்டி, கோலி இரண்டாயிரத்து நானூறு, நலம்’
என்று போய்விட்டது அறிக்கை.
‘யாரு விளையாடப் போறா?’ என்று வந்தது பதில்.

சார்ஜர் வாயும் வேறு.
சாவடியில் ஆறு பேர், ஆறு வயர்,
ஒன்றும் நுழையவில்லை.
கோட்டைவாசல் டீக்கடையில்தான் ஒரு வெள்ளை வயர் கிடைத்தது,
சஜிதாவுடையது.
ஆரியங்காவில் அவளுக்குப் பால் வண்டி,
புளியரையில் எனக்குக் கோழி வண்டி.
நான் பேசுவதில் பாதியும் அவள் பேசுவதில் பாதியும்
எங்களுக்குப் போதும்.

டவர் செத்துக் கிடந்த ஒரு சாயங்காலம்
காற்றிலேயே படம் அனுப்பலாம் என்று காட்டிக்கொடுத்தாள்.
என் பழைய போனிலிருந்து அவளுக்கு எது போனாலும்
நடுவில் வாட்ஸ்அப் வாங்கி, மங்கலாக்கித்தான் கொடுக்கும்.
அன்று அவள் திரையில் நேராக ஒரு பெயர் எழுந்தது.
‘ஆரா இது, ரெனிதா?’
‘நான்தான்.’
சரி என்று அழுத்தினாள்.
முன்பல் விழுந்த என் மகன்
வேறொருத்தி பெயரில் எல்லை கடந்து போய்ச் சேர்ந்தான்,
ஈறு வரைக்கும் தெளிவாக.

பத்து நாள் பதினாலாயிற்று.
என் போன் வந்தது.
திரைக்குள் ஒரு மூலையில் மட்டும்
பிறை அளவுக்கு ஊதாக் கறை.
ழ அதனிடத்தில். கொல்லைக் கதவு அதனிடத்தில்.
என் கட்டைவிரல்தான் மேல் மூலைக்குப் போய்
வெறும் கண்ணாடியைத் தட்டித் தட்டி நின்றது.
எடுத்த படங்களில் பாதியை மாற்ற மறந்திருந்தேன்,
அவை இழுப்பறைக்குள் ஆறு பூஜ்யத்துக்குப் பின்னால் இருக்கின்றன.
கேட்டால் டாக்டர் தருவார்.
கேட்கவில்லை.

‘ரெனிதா எவிடே?’ என்று சஜிதா அனுப்பியிருந்தாள்,
கூடவே ஒரு சிரிப்பு.
பெங்களூர் என்று எழுதி, அழித்து,
மறுபடி அதையே எழுதினேன்.

நேற்று ராத்திரி வளைவில் ஒரு மரத்தடி லாரி
ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் நின்றது.
டிரைவர் சங்கரன்கோவில், கிளீனர் புனலூர்ப் பையன்.
பின்னால் ஓடிப்போய்க் கத்தினான்:
‘போரட்டே… போரட்டே…’
எத்தனை இரவு கேட்ட குரல்,
அப்போதுதான் காதில் விழுந்தது:
வா என்று கூப்பிடுவதை இவர்கள்
போ என்றல்லவா தொடங்குகிறார்கள்.
டிரைவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.
அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே
பதினாறு டன்னும் பின்னால் வந்தது.
பாறைக்கு ஒரு சாண் இருக்கையில்
பலகையில் ஓங்கித் தட்டினான் பையன்.

‘மதி.’

நின்றது.