நிமிடத்துக்கு எத்தனை சுற்று

"எவ்ளோ வெயிட்டு?" என்றாள் பிலோமினா,
காயில் சுற்றும் கையை நிறுத்தாமல்.
பழைய வண்ணாரப்பேட்டையில் அவள் கடை
ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு அகலம்.
வார்னிஷ் வாடை.

பதினோரு கிலோ நானூறு.
காசிமேட்டில் வஞ்சிரம் நிறுக்கும் தராசில்
விடிவதற்கு முன் போட்டுப் பார்த்தது.
தகரத்தில் ஒட்டிய செதிலை நான் கழிக்கவில்லை.

சைக்கிள் ரிம் இரண்டு, ஒன்றன் கீழ் ஒன்று.
தூண்டில் நரம்பில் தொங்குகின்றன
இருநூற்றுப் பன்னிரண்டு கதவு எண்கள்,
இடித்த குவார்ட்டர்ஸின் தகடுகள்.
மஞ்சளில் கறுப்பு, நீலத்தில் வெள்ளை.
ஒன்றில் மட்டும் எண்ணுக்கடியில்
ஆணியால் கீறிய பெயர், பாதி.

"எத்தினி சுத்து?"

அதுதான் தெரியவில்லை.

சீலிங் ஃபேன் மோட்டாரில்
ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தும்
எண்களெல்லாம் கரைந்து ஒரு சாம்பல் வளையம்.
லாரி வைப்பர் மோட்டார் மெதுவானதுதான்,
ஆனால் இரவெல்லாம் கோடவுனுக்குள்
பெய்யாத மழையைத் துடைத்துக்கொண்டிருந்தது.
மண்ணடியில் காதர் மொகிதீன்
ஷவர்மா மெஷினையே கழற்றிக் கொடுத்தார்.
சரியான வேகம்.
மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவினேன், கொழுப்பு போகவில்லை.
இத்தனை வீடுகளை
அந்தக் கம்பியில் மாட்ட மனம் வரவில்லை.

பிறகு ரிம்மைக் கையால் சுற்றினேன்,
செல்போனில் நொடி ஓட விட்டு.
ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்.
அதுதான் நம்முடையது என்று நம்ப
நாலு.

"அப்ப நிமிஷத்துக்கு ஒண்ணு" என்றாள் பிலோமினா.
மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார்,
உள்ளங்கையில் பிஸ்கட் மாதிரி இருந்தது.
இதுவா, பதினோரு கிலோவையா?

"தூக்கறது வேற, சுத்தறது வேற.
தூக்கறத ஆட்டோ கோன் பேரிங் பாத்துக்கும்.
இது தள்ளிவுட்டா போதும்.
மூணு சுத்து வரும்,
தையல் மிஷின் பெல்ட்டு போட்டு ஒண்ணாக்கித் தரேன்.
ஒரே ஒரு கொற.
ஒவ்வொரு தபா ஆன் பண்ணும்போதும்
எந்தப் பக்கம் சுத்தும்னு
அதுக்கே தெரியாது."

பில் அறுநூற்று நாற்பது. பெல்ட்டுக்குத் தனியாக எழுதியிருந்தாள்.

ராயபுரம் கோடவுனில் முதல் மாலை.
மோட்டாரை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை,
அதுதான் எனக்கு வேண்டியது.
டிபன் பையோடு வந்த ஒரு பெண்
நூற்று நாற்பத்தேழைக் கண்டுபிடித்தாள்.
அது மறுபடி வரட்டும் என்று நிற்கவில்லை,
அடியிலேயே நடக்கத் தொடங்கிவிட்டாள்,
தலையைத் தூக்கி,
எண் போகும் வேகத்தில்.
பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்
யாரிடமோ. நடந்தாள்.

கரன்ட் போனது.
தகடுகள் கொஞ்சம் உரசி, நின்றன.
இருட்டில் அவள் செருப்புச் சத்தமும் நின்றது.

வந்தபோது
மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது.

"இன்னாடா இது"
என்று திட்டிக்கொண்டே
பையைக் கை மாற்றி
அவளும் திரும்பினாள்.