மூன்றாம் வாய்க்கால்

அல் ரம்ஸ் கரையில்
கண்டல் காட்டுக்கு வேலி கிடையாது.
மூன்றாம் வாய்க்கால் முனையில்
கிழிந்த பச்சை வலைத்துண்டு கட்டியிருந்தால்
உள்ளே படகு விடக் கூடாது, அவ்வளவுதான்.
ஓராக் குஞ்சு மேய்கிறது.

கட்டியது யார் என்று கேட்டால்
ஒபைத், தொஃபாஸலைக் காட்டுவார்.
தொஃபாஸல், ஹம்சக்கோயாவை.
கோயா தன் தேநீரைக் காட்டுவான்:
இதைக் கொதிக்கவைத்த விறகும் அங்கே விழுந்ததுதான்,
காய்ந்து, தானாக.
பச்சைக் கொம்பில் கத்தி படக் கூடாது.
ஒரு தோளுக்கு ஒரு சுமை.
ஒட்டகத்துக்குத் தழை என்றால்
ஒரு மரத்தில் ஒரு கை, அடுத்த கைக்கு அடுத்த மரம்.
எழுதி எங்கும் ஒட்டவில்லை.

நான் கிளீட்டஸ், வள்ளவிளைக்காரன்.
கடலுக்குக் கதவு உண்டா என்று
கேட்டுக் கேட்டே தொழில் படித்தவன்.

வந்த வருடம், ஏப்ரல்.
வட்டிக்காரன் தினமும் போனில் இருந்தான்.
மோட்டாரை அணைத்து, துடுப்பு போட்டு,
வலைத்துண்டுக்கு அடியில் குனிந்து போனேன்.
சின்னக் கண்ணி முடைந்த கர்கூர் இரண்டை
இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
தூரத்தில் நெடுஞ்சாலை லாரிகள்.
பக்கத்தில், தண்ணீர் வற்ற வற்ற
சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் எழும்பி
ஆயிரம் பேர் விரல் நீட்டியதுபோல் நின்றன.
எங்கோ ஓர் இறால் சொடக்குப் போட்டது.
சாட்சி அவ்வளவுதான் என்று தோன்றியது,
பிறகு அப்படித் தோன்றவில்லை.

விடியலில் கூண்டு நிறைய ஓரா.
சுண்டுவிரல் நீளம்.

துறையில் யாரும் கத்தவில்லை.
ஏலக்காரன் தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு
சிகரெட் பற்றவைத்தான்.
ஐஸ் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்கள்,
ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டே.
பதினொரு மணிக்குப் பூனைகளும்
போதும் என்று எழுந்து போயின.

சாயங்காலம் வலைக் கொட்டகையில் பேச்சு.
மூன்று மொழி, அதில் என் மொழி இல்லை.
போலீஸ் வேண்டாம் என்றார் ஒபைத்.
பணம் இவனிடம் எங்கே இருக்கிறது என்றான் கோயா.
தொஃபாஸல் இரண்டு கை விரல்களையும்
நான்கு முறை விரித்துக் காட்டினான்:
நாற்பது விதை.

விதை பழுக்க ஆகஸ்ட் ஆகும்.
தண்டனைக்கும் பருவம் உண்டு என்று அன்று தெரிந்தது.
மொச்சைக் கொட்டை போலிருக்கும்.
தாய்மரத்திலேயே முளைவிட்டுத்தான் விழும்,
தண்ணீரில் சட்டையைக் கழற்றும்,
மிதந்துபோய் ஓரிடத்தில் ஊன்றும்.
என்னைப்போல என்று சொல்ல வாயெடுத்தேன்.
இல்லை. அதற்கு விசா முடிவதில்லை.

நாற்பத்தெட்டு டிகிரி. முழங்கால் சேறு.
கோயா வந்தான், ஒன்றும் சொல்லாமல்
பதினொன்று நட்டான்.
அது கணக்கில் சேராது என்றார் ஒபைத்.
மறுபடி நான் பதினொன்று.

குளிர் வருமுன் பாதியைப் பாசி மூடியது.
ஆடு தின்றது. கொட்டலசு ஏறியது.
ஏழு நின்றது. இப்போது நான்கு,
இலையெல்லாம் உப்புப் பூத்து
என் முட்டி உயரம்.
நக்கிப் பார்த்திருக்கிறேன்,
யாரும் இல்லாதபோது.

இந்த வருடம் வலைத்துண்டு கட்டியது நான்.
நேற்றிரவு தூக்கமில்லாமல் படகில் கிடந்தேன்.
மோட்டார் இல்லாத துடுப்புச் சத்தம்
மூன்றாம் வாய்க்கால் பக்கம்.
புதிதாய் வந்த ஒடிசாப் பையனாக இருக்கலாம்,
வேறு யாராகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரிந்த சத்தம் அது,
தண்ணீரைக் கூச்சத்தோடு தொடுவது.

டார்ச்சை ஒருமுறை அடித்து அணைத்தேன்.
சத்தம் நின்றது.
கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

எழுந்து போய், கொட்டகைக்குப் பின்னால் தேடி,
ஓட்டையில்லாத கூடை ஒன்றைக்
கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
ஆகஸ்டுக்கு இன்னும் நாலு மாதம்.