பை இல்லாத சுடிதார்

சட்டைப்பையில் அடங்கிவிடும் மேடம் என்றார்
நாலு ரோட்டுக் கடைக்காரர் நூருல் அமீன்.
என் சுடிதாரில் பையே கிடையாது என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
கைப்பையிலும் அடங்கும் என்றார்.

கண்ணாடிப் பலகை மேல் இரண்டும் இருந்தன.
ஒன்று பதினோராயிரத்துச் சொச்சம், சோப்புக்கட்டி அளவு,
அமுக்கினால் மூக்கை நீட்டும்.
மற்றது கறுப்பு, முப்பதாயிரத்துக்கு நூறு குறைவு,
லென்சைக் கழற்றலாம், மாட்டலாம்.
முக்கால் கிலோ இருக்கும்;
தக்காளி வாங்கிப் பழகிய கை சொன்னது.

கறுப்பின் பொத்தானை அமுக்கினேன். க்ளக்.
அந்தச் சத்தத்துக்காகவே
ஆறு மாதம் தவணை கட்டலாம்.
சின்னதும் சத்தம் போடும் மேடம்,
வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.
நிறுத்த முடிகிற சத்தம் எனக்கு எதற்கு?

என் தொழில் நசுங்கல்.
முட்டிய வண்டி, உரசிய வண்டி, உருண்ட வண்டி
எங்கே கிடந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் என்னை அனுப்புவார்கள்.
நாலு மூலை, நம்பர் பிளேட், சேசிஸ் எண்.
இதற்குச் சோப்புக்கட்டி போதுமே,
இன்னும் எதை எடுக்கப் போகிறாய் என்று
வீட்டில் கேட்டார்கள்.
கேட்டவர் பெயர் வேண்டாம்.

போன மாதம்
திலகாவின் கறுப்புக் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு
ஏற்காடு பஸ் ஏறினேன்.
எந்தப் பேப்பர் என்று கேட்டார் கண்டக்டர்.
முன் சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.
மேலே லேடீஸ் சீட் முனையில்
கம்பியைப் பிடித்து நின்ற போலீஸ்காரர்
நான் கேட்காமலே நகர்ந்தார்.
பதினோரு வருடச் சர்வீசில்
எனக்காக யாரும் அரை அடி நகர்ந்ததில்லை.
கீழே மேக்னசைட் குழிகளின் வெள்ளையை எடுத்தேன்.
படத்தில் வெறும் மூட்டம்.
பரவாயில்லை.

இந்த வாரம் பன்னிரண்டாம் வளைவு.
சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி
தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தது.
என் கையில் ஆபீஸ் கேமரா,
திரையில் கீறல் விழுந்த பழைய சோப்புக்கட்டி.
டிரைவர் செங்கோடன், சங்ககிரிக்காரர், இடது கையில் கட்டு.
எல்லாம் எடுத்து முடித்ததும் வந்து நின்றார்.

என்னையும் ஒண்ணு எடுங்க மேடம்.
ஃபோன்ல பேசினா நம்ப மாட்டேங்கறா,
பொய்யாச் சிரிக்கறேன்னு அழுவறா.
நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பஞ்சர் கடையில
பிரிண்ட்டக் குடுத்தாப் போதும்.

நல்ல கையால் தலை வாரிக்கொண்டார்.
லாரி மட்டும் தெரியக் கூடாதுங்க.

எங்கே நிறுத்தினாலும் லாரி தெரிந்தது.
கறுப்பாக இருந்தால்
முகத்தை வைத்துக்கொண்டு
பின்னால் இருப்பதைக் கரைத்திருக்கலாம்.
சின்னதுக்கு அந்த வித்தை தெரியாது.
மூக்கும் தெளிவு, முறிந்த ஆக்சிலும் தெளிவு.
அதனால்தான் ஆபீசுக்கு அதைப் பிடிக்கிறது.

பனி ஏறட்டும், இருங்க என்றேன்.
இருவரும் கட்டைகள் மேல் உட்கார்ந்தோம்.
காப்பித் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது.
லாரி போயிற்று.
செங்கோடனும் பாதி போய்விட்டார்.
கிட்ட வாங்க, இன்னும் கிட்ட, என்று கத்தி
மூன்றாவதில் ஒரு சிரிப்பு கிடைத்தது.
ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது,
தெரிந்தவர்களுக்குத்தான் அது சக்கரம்.

இன்று மறுபடி நாலு ரோடு.
கறுப்பு, பின்னால் இருப்பதை மங்கலாக்குமா பாய்?
ஆக்கும் மேடம். நல்லா ஆக்கணும்னா
இன்னொரு லென்ஸ் வாங்கணும். அது தனி.

அட்வான்ஸ் ஐந்நூறை வைத்துவிட்டேன்.
எதற்கென்று ரசீதில் எழுதப்
பேனாவைத் திறந்தபடி பார்க்கிறார்.
வாசலில் ஒரு ஆட்டோ, பின்பக்கம் ஒடுங்கி நிற்கிறது.
பெயிண்ட்டோடு சேர்த்து
நாலாயிரத்து இருநூறு ஆகும்.